கராம்பு என்று சொல்லக் கூடாது

இன்று உங்கள் வீட்டுக் குசினியில் நெய்ச்சோற்றுக்குக் கராம்பு வதங்கிக்கொண்டிருந்தது. முன்னறையில் உன் பேரில் குர்ஆன் கத்தம் ஓதிக்கொண்டிருந்தார்கள். உன் உம்மா என்னைக் கூப்பிட்டு, "வாசம் போதுமா, பாருங்க மகள்" என்றார். குனிந்து முகர்ந்தேன். போதும் என்றேன். அழவில்லை.

காய்ச்சலில் நீ போன அன்றும் நான் அழவில்லை. உன் உம்மாவின் தங்கை, சாச்சி, பின்வாசலில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "கூடவே திரிஞ்ச புள்ள. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லயே." அன்றிலிருந்து எனக்கு என் மேலேயே சந்தேகம். உன்னைத்தான் நேசித்தேனா, பஸ்ஸில் கதைக்க ஓர் ஆள் கிடைத்ததையா?

புத்தளத்தில் நாம் உளவியல் படித்த காலத்தில், அது விஞ்ஞானமாகத் தொடங்கிய கதையை நாம் போய்வந்த அந்த பஸ்ஸில்தான் உனக்கு வாசித்துக் காட்டினேன். ஆய்வுகூடத்தில் ஒரு கருவி சீராகத் தட்டும். பழக்கிய ஆட்கள் அதைக் கேட்டு, தங்கள் மனதுக்குள் நடப்பதைப் பார்த்துச் சொல்வார்கள். நீ ஜன்னலுக்கு வெளியே களப்புத் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாய்: "கள்ளனையே சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கு."

அன்று பின்னேரமே எத்தாளையில், உங்கள் வீட்டில், அதைச் செய்து பார்த்தோம். என் சால்வையால் உன் கண்ணைக் கட்டி, மூக்கருகே ஒரு பொருளை நீட்டினேன். பொருளின் பெயரைச் சொல்வது பிழை, உள்ளே எழுவதை மட்டும் சொல்ல வேண்டும் என்று பின்னால் வந்த ஓர் ஆய்வுகூடத்தார் வைத்த விதியையும் சொன்னேன்.

"கராம்பு" என்றாய்.

"பேர் சொல்லக் கூடாதுடி. உள்ளுக்குப் பாரு."

"உள்ளுக்கயும் கராம்புதான் இருக்கு. பல்லு வலிக்குது, அதத் தா."

பிறகு என் கண்ணைக் கட்டினாய். நான் அழகாகச் சொன்னேன்: இளஞ்சூடு, நாக்கின் ஓரத்தில் ஒரு முள், மெல்ல மரத்துப்போதல். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"கராம்பு எப்பவோ என்ட வாய்க்குள்ள. நான் நீட்டினது வெறுங்கைடி!"

ஆய்வுகூடங்களும் அப்படித்தான் முட்டிக்கொண்டன. ஒரு கூடத்தார் உள்ளே கண்டதை மற்றவர்கள் காணவில்லை. தீர்ப்புச் சொல்ல வெளியே யாரும் இல்லை. பலர் அந்த முறையையே கைவிட்டு, மனிதர் செய்வதை மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான் கைவிடவில்லை. தினமும் உள்ளே போய்த் துக்கத்தைத் தேடுகிறேன். தேடுகிற என்னைத்தான் காண்கிறேன். நெஞ்சில் பாரம் என்று சொல்லிப் பார்த்தால், உன் சிரிப்புக் கேட்கிறது.

ஓதி முடிந்ததும் உன் உம்மா, சாச்சி, நான் ஒரே சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்தோம். நீ இருந்தால் பல்வலிக்காரி என்று எல்லாருடைய கராம்பும் உன் பக்கத்துக்குத்தான் வரும். சோற்றைப் பிசைந்துகொண்டே ஏதோ கேட்ட உம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் விரல் ஒரு கராம்பை ஒதுக்கி, ஆளில்லாத பக்கத்துக்குத் தள்ளியிருந்தது. நானே அதை உணரவில்லை. சாச்சிதான் பார்த்தார். பிறகு தன் கராம்பையும் எடுத்து அதன் அருகே வைத்தார். அப்போதுதான் நானும் கண்டேன்.

எனக்குள் இருப்பதாக நான் சொல்லும் எதையும் இன்னும் நம்பவில்லை. அந்த விரலை மட்டும் நம்பலாம் போலிருக்கிறது.

எழும்பும்போது இரண்டையும் எடுத்துக்கொண்டேன். இப்போது உள்ளங்கையில் இருக்கின்றன. உள்ளே என்ன எழுகிறது என்று கேட்காதே.

கராம்புதான்டி.