என் காலுக்கு நீ கட்டிய காப்பு

ஷார்ஜா

அன்புள்ள வைஜெயந்திக்கு,

உறுவையாற்று வீட்டில் நீயும் பிள்ளையும் சுகந்தானே?

என் குதிகால் நரம்பு வலிக்குப் பயப்படாதே. கிடங்கில் நாளெல்லாம் நடப்பதால் வந்ததுதான். "சும்மா ஒக்காந்தா போவாதுண்ணே. படி ஓரத்துல முன்பாதத்த ஊனி, குதிகால மெதுவா எறக்குங்க, தெனமும்" என்றார் பிசியோதெரபி பார்க்கும் கடலூர்த் தம்பி. விடுதிப் படியில் செய்கிறேன். பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது.

என் கால் ஆறுவதற்காக நீ தீமிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டதாக அண்ணி போனில் சொன்னார். கட்டிய காப்பை அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நடவில் நின்று நின்று உனக்கும் குதிகால் வலிக்கிறதாமே? என்னிடம் சொல்லவே இல்லையே.

வாசற்படியில் நீயும் இப்படியே செய். கதவைப் பிடித்துக்கொள். இங்கே வருகிறவர்களிடம் ஒரு கைலியும் கொஞ்சம் தீக்குழிச் சாம்பலும் கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் காலுக்கு யாரடி வேண்டிக்கொண்டார்கள்?

உன்
மணிமாறன்