நானே கேட்டாலும் சொல்லாதே

மார்ச் 4, செவ்வாய்

கால் வீக்கம் இன்று கொஞ்சம் குறைவு. மருமகள் வேலைக்குப் போகும் அவசரத்தில் துவைக்கும் மிஷினில் வெள்ளையையும் நீலத்தையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். நிறுத்தி, நீலத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். முப்பத்தொரு வருஷம் சலவைக் கடையில் நின்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன் என்றால் என் பொறுமையை என்னவென்று சொல்வது.

பேத்தி போன் செய்தாள். தேதி முடிவாகிவிட்டது. இருபதாம் தேதி, வியாழன், காலை பத்தரை. டாக்டர் பட்டத்துக்குக் கடைசித் தேர்வு. நாலு பெரிய வாத்தியார்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம், இவள் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டுமாம். பார்க்க வருகிறவர்களுக்குப் பின்னால் நாற்காலி உண்டு. நாலு வருஷமாகத் தண்ணீர்க் குழாய்க்குள் துரு எப்படிப் பிடிக்கிறது என்று படிக்கிறாள். அவள் இருப்பது பக்கத்து நாடு. நான் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிற என் மகன் வீட்டிலிருந்து, அதாவது அவள் அப்பா வீட்டிலிருந்து, ரயிலில் ஏழு மணி நேரம்.

"பாட்டி, நீ சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

மறக்குமா. அவளுக்கு இடம் கிடைத்த அன்று கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். உன் கடைசிப் பரீட்சைக்கு என் காசில் டிக்கெட் எடுத்து வந்து முன்னால் உட்காருவேன் என்று. நான் அஞ்சாவதோடு நின்றவள். அதற்கு மேல் ஒரு பரீட்சை எப்படி நடக்கும் என்று பார்த்தது கிடையாது.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன்.

"ஏழு மணி நேரம்மா. நடுவுல இறங்கி வேற ரயில் மாறணும், பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கும். எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு லீவு கிடையாது. வீடியோவுல போட்டுக் காட்டறேன், சோபாவுல உக்காந்து பாரு."

"சோபாவுல உக்காரவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"நான் டிக்கெட் எடுத்துத் தர மாட்டேன். உன் கார்டு இருக்கில்ல, அதுல எடுத்துக் காட்டு. எடுத்துட்டா நானே ஸ்டேஷனுக்கு வந்து ஏத்தி விடறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னான். நடக்காது என்று தெரிந்து சொல்கிற சிரிப்பு. அவன் அப்பாவும் இப்படித்தான் சிரிப்பார், கடையை இனி நானே நடத்துகிறேன் என்று நான் சொன்ன அன்று.

மார்ச் 6, வியாழன்

மருமகளுக்கு இன்று மதியம்தான் வேலை. கம்ப்யூட்டரைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "நான் சொல்றேன், நீங்களே அடிங்க அத்தை. நான் எடுத்துக் குடுத்தேன்னு உங்க பிள்ளை நாளைக்குச் சொல்லக் கூடாது." நல்ல பெண். துணி பிரிக்கத்தான் தெரியாது.

இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சலவைச் சீட்டு எழுதிய கை. ஒற்றை விரலால் அடித்தேன்.

முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். எனக்கு இருப்பது ஒரு பெயரும் அதற்கு முன்னால் ஓர் எழுத்தும். அந்த எழுத்தைக் கடைசிக் கட்டத்தில் போட்டேன், போதாது என்றது. பாஸ்போர்ட்டைப் பார்த்தோம். அதில் இருக்கிற மாதிரி என் வீட்டுக்காரர் பெயரை முழுசாகப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. கண்ணை மூடிப் பதினாலு வருஷம் ஆன மனிதர், இப்போது என்னோடு ரயில் ஏறப் போகிறார்.

பின்கோடுக்கு அஞ்சு கட்டம். எங்கள் ஊருக்கு ஆறு எண். நாட்டை மாற்றிப் போட்டால் ஆறு வரும் என்று மருமகள் கண்டுபிடித்தாள். அதற்குள் உட்கார்ந்த நாற்காலியே சூடாகிவிட்டது.

கடைசியில் கார்டு எண்ணைப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. உங்கள் வங்கி அனுமதிக்கவில்லை.

என் வங்கி. நான் வைப்புத்தொகை போட்டதற்காக மேனேஜர் எழுந்து நின்று கொடுத்த கார்டு.

மார்ச் 7, வெள்ளி

வங்கிக்கு போன். நாற்பது நிமிஷம் பாட்டு, அப்புறம் ஒரு பெண். கார்டு உள்நாட்டில் மட்டும்தான் திறந்திருக்கிறதாம். பிறந்த தேதி, அம்மா பெயர், கடைசியாக எங்கே உபயோகித்தேன், எல்லாம் கேட்டுவிட்டு வெளிநாட்டுக்கும் திறந்துவிட்டாள். "பணம் கட்டும்போது உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் மேடம். அந்த ஆறு எண்ணைப் போடணும்."

எந்த நம்பர் என்றேன். சொன்னாள்.

அது கடை நம்பர். அந்த பட்டன் போன் கடையில் தேய்ப்பு மேஜைப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. சின்னவள் கையில்.

மார்ச் 8, சனி

சின்னவள் என்றால் என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி மனைவி. நான் இங்கே வந்ததிலிருந்து கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

நான் கிளம்பிய வாரம்தான் எங்கள் வாடிக்கைக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர், யாரோ கேட்டார்கள் என்று இந்த மாதிரி ஓடிபி எண்ணைச் சொல்லி ஏமாந்தார். கேட்டது அவர் மகள் குரலாம். மிஷின் பேசியிருக்கிறது. அன்றைக்கே சின்னவளை உட்கார வைத்து மூன்று தடவை சொல்லச் சொன்னேன். யார் கேட்டாலும் நம்பர் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே. நானே அழுதாலும் சொல்லாதே. அதோடு விட்டேனா, ஒரு சீட்டில் எழுதிச் சுவரிலும் ஒட்டினேன்.

இன்று பொத்தானை அமுக்கினேன். திரையில் மூன்று நிமிஷக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. கடைக்கு போன் போட்டேன்.

"சின்னவளே, மெசேஜ் ஒண்ணு வந்திருக்கும் பாரு. ஆறு நம்பர். படி."

"யாரு பேசறது?"

"யாரா? நான்தான்."

"அப்படித்தான் சொல்வாங்கன்னு எங்க அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"அந்த அக்காதான் பேசறேன்."

"அப்படியும் சொல்வாங்கன்னு சொன்னாங்க."

மருமகள் போனை வாங்கிப் பேசினாள். சின்னவள் அதற்கும் அசையவில்லை. "குரல் ரெண்டா இருந்தா மிஷினும் ரெண்டா இருக்கும்" என்றாள். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. இன்னொரு தடவை போட்டோம். இந்த முறை போனையே எடுக்கவில்லை. பின்னால் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

ஒரு வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவளை வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் யாரிடம் கற்றாள்? என்னிடம்.

மார்ச் 10, திங்கள்

மூன்றாவது தடவை. மகனும் வீட்டில் இருந்தான், காப்பிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றான். போனை ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு.

சின்னவள் யோசித்து வைத்திருந்தாள் போல. "சரி. எங்க அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு கேக்கறேன். சரியாச் சொன்னா படிக்கிறேன்."

"கேளு, சீக்கிரம் கேளு."

"அந்தச் சாம்பல் கோட்டு மேல இஸ்திரிப் பெட்டியை வெச்சது யாரு?"

கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் பத்து நொடி. மகன் என்னைப் பார்த்தான். மருமகள் பார்த்தாள்.

"பெட்டி உன் கையிலதான் இருந்துச்சு" என்றேன்.

"தப்பு. நீங்க எங்க அக்கா இல்ல." வைத்துவிட்டாள்.

மூன்று தடவை தவறிவிட்டதால் ஒரு நாளைக்குக் கார்டு வேலை செய்யாதாம். மகன், "என்னம்மா கோட்டு அது?" என்று கேட்டான். பழைய கதை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மருமகள் பார்த்துச் சொன்னாள். பத்தொன்பதாம் தேதிக் காலை ரயிலில் இன்னும் ஏழு இடம்தான் பாக்கி. மத்த ரயில்களுக்கு இரண்டு இடத்தில் மாற வேண்டும், என் காலுக்கு ஆகாது.

கோட்டு விஷயத்தை எழுதிவிடுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. கடை அப்போது என் மாமியார் கையில். கல்யாண மாப்பிள்ளையின் கோட், சாம்பல் நிறம், நல்ல கம்பளி. நான்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். மழை வந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, ஓடினேன். பெட்டியை நிமிர்த்தி வைத்தேனா? — வைக்கவில்லை. கீழே இறங்கி வந்தால் புகை. சின்னவள் பெட்டியைத் தூக்கி நிற்கிறாள். கோட்டின் வலது கையில் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளே வந்தார். யார் வேலை என்று கேட்டார்.

பெட்டி அவ கையிலதான் இருந்துச்சு என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இத்தனை வருஷமும் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒரு வார்த்தை பொய் இல்லை.

அதற்கப்புறம் மூன்று வருஷம் மாமியார் அவளைத் தேய்ப்பு மேஜைப் பக்கம் விடவில்லை. சோடாவும் சோப்புத் தண்ணீரும்தான். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வரும். துணியில் படக் கூடாது என்று துணிக்கிழிசல் சுற்றிக்கொண்டு துவைப்பாள். நான் பார்த்திருக்கிறேன். அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாமியார் போனதும் கடை என் கைக்கு வந்தது, அப்போதும் சொல்லவில்லை. அவளுக்கு எது நடந்தது என்று தெரியாது என்று நினைத்துக்கொண்டேனா? தெரியாமல் எப்படி இருக்கும். நிமிர்ந்து நிற்கிற பெட்டியையா அவள் எடுத்தாள்.

மகன் டிக்கெட் எடுத்துத் தர மாட்டான். கெஞ்சினால் தருவான். கெஞ்ச மாட்டேன்.

சின்னவளிடம் மட்டும் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 12, புதன்

மகன் வேலைக்குப் போகும்வரை காத்திருந்தேன். மருமகளை, "நீ போய் அந்த நீலத் துணியை மடி" என்று அனுப்பினேன். பெயர், பின்கோடு, கார்டு எண், எல்லாம் நானே அடித்தேன். இப்போது கை பழகிவிட்டது. நாலு இடம்தான் பாக்கி இருந்தது.

கடிகாரம் ஓடியது. போன் எடுத்தாள்.

"நான்தான்" என்றேன்.

"எது நான்தான்?"

"கோட்டு மேல வெச்சது. நான்தான் வெச்சேன். மழை வந்துச்சு, நிமிர்த்தாம ஓடிட்டேன். நீ வந்து எடுத்த. அத்தைகிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அந்தப் பக்கம் தண்ணீர் தெளிக்கிற சத்தம், பிறகு பெட்டி நகர்கிற சத்தம். வேலையை நிறுத்தவில்லை அவள். மன்னிச்சுக்கோ என்ற ஒரு வார்த்தை மட்டும் வெளியே வரவில்லை.

பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. இரும்புத் தட்டில் வைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எனக்குத் தெரியும்.

"நேரம் முடிஞ்சிருக்கும் அக்கா" என்றாள். "இன்னொண்ணு அனுப்பச் சொல்லுங்க."

முடிந்துதான் இருந்தது. மறுபடி அமுக்கினேன். ஒவ்வொரு எண்ணாக, நான் சலவைச் சீட்டு எண் சொல்கிற மாதிரியே நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஆறும் போட்டேன். பச்சையில் ஒரு வரி வந்தது.

"வந்துடுச்சு" என்றேன்.

"கால்ல எண்ணெய் போட்டுக்கங்க, ரயில்ல தொங்கப் போட்டே உக்காராதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 13, வியாழன்

டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் மகன் தட்டுக்குக் கீழே வைத்தேன். இரண்டு தடவை படித்தான். அப்புறம் ஒரு பேனா எடுத்து, மாற வேண்டிய ஸ்டேஷனுக்கு அடியில் கோடு போட்டான்.

மார்ச் 19, புதன்

மகன் ஏற்றிவிட்டான். ஜன்னல் வழியாகக் கையை மூன்று தடவை விரித்துக் காட்டினான். மாறுகிற ஸ்டேஷனில் பதினைந்தாம் மேடை என்று அர்த்தம். ஏற்கனவே ஆறு தடவை சொல்லியிருந்தான்.

டிக்கெட் பார்க்க வந்தவர் குனிந்து படித்து, திருமதி போட்டு என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டேன்.

பன்னிரண்டு நிமிஷத்தில் எட்டு நிமிஷத்திலேயே மாறிவிட்டேன். மீதி நாலு நிமிஷம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

முன் வரிசை. சொன்ன மாதிரி.

அரை மணி நேரம் அவள் பேசினாள், ஒன்றேகால் மணி நேரம் அவர்கள் கேட்டார்கள். எனக்குப் படங்கள் மட்டும் புரிந்தன. குழாயை நீளவாக்கில் அறுத்து வைத்த படம், உள்ளே பழுப்புப் பழுப்பாக. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றாள். நான் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள், "நான் முதலில் எடுத்த அளவு தப்பு, தப்பு என்னுடையது, இரண்டாவது வருஷம் திருத்தினேன்" என்று சொன்னாளாம். அப்புறம் எனக்குச் சொன்னாள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

எல்லோரையும் வெளியே அனுப்பி, பத்து நிமிஷம் கழித்து உள்ளே கூப்பிட்டு, எழுந்து நின்று அவளை டாக்டர் என்று சொன்னார்கள். நானும் எழுந்து நின்றேன்.

மார்ச் 21, வெள்ளி

பேத்தி அறையில் இருக்கிறேன். திரும்பிப் போகும் டிக்கெட்டை அன்றைக்கு எடுக்கவே இல்லை, போகிறதை மட்டும் எடுத்திருக்கிறேன். பேத்தி சிரித்தாள். "நான் எடுக்கறேன் பாட்டி." வேண்டாம் என்றேன். கார்டு, பின்கோடு, அவர் பெயர். அமுக்கினேன். கடிகாரம் ஓடியது.

சின்னவள் எடுத்தாள். "யாரு?"

"நான்தான்."

"கேள்வி கேக்கணுமே."

"கேளு."

"இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். கடையில எல்லாரும் இருக்காங்க." தேய்க்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. "அந்தச் சாம்பல் கோட்டு மேல பெட்டியை வெச்சது யாரு?"

பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்" என்றேன். கடைக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. "நிமிர்த்தி வெக்காம போனது நான். இவ இல்ல."

அங்கே யாரோ ஒருவர் இருமினார். சின்னவள் ஆறு எண்ணையும் படித்தாள். நாற்பது நொடி மிச்சம் இருந்தது.

"சுவத்துல இருக்கிற சீட்டைக் கிழிச்சிடட்டுமா அக்கா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். "ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டே குடு."