நினைவு அட்டையில் உள்ள கை

தாழ்வுபாடு
12.02.2025

அன்பின் நிறஞ்சலா,

மகள் கொழும்பில் சுகமாக இருக்கிறாள் என்று மாமி சொன்னதை நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன் எடுத்தால் நீ பதில் தருவதில்லை. தந்திருந்தாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திராது. அதனால் நீ வேலை செய்யும் கந்தோர் விலாசத்துக்குப் போடுகிறேன்.

மாமியின் முழங்கால் நோ கொஞ்சம் பரவாயில்லை. உன் சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் எட்டாம் திகதி உன் அக்கா றொஷேலின் ஆண்டுத் திருப்பலி. முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு நான் எழுதிய கவிதையையே திரும்பவும் அடிக்கச் சொல்கிறா மாமி. மன்னாரில் ஒரு தொகுப்புக்கும் கேட்டிருக்கிறார்கள். மின்சாரக் காற்றாடிக் கோபுரங்களின் பழுது அறிக்கை தவிர வேறொன்றும் எழுதாதவனை இப்போது கவிஞர் என்கிறார்கள். நேற்று எட்வேட் மாமா கருவாடு புரட்டிக்கொண்டே, “தம்பி, என்ர மனிசிக்கும் ஒண்டு எழுதித் தாரும். அவ இருக்கேக்கையே வாசிக்கட்டும்” என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். றொஷேல் இருக்கும்போது அவளுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை.

எல்லோரும் பாராட்டுவது இந்த இரண்டு வரியைத்தான்:

என் கைக்குள் ஆறியது உன் கை,
உன் சூடு இன்னும் ஆறவில்லை எனக்குள்.

அவள் கையைப் பிடித்திருந்தது உன் கை, நிறஞ்சலா.

அவள் இறந்த அன்று அவசர வேலை, கூப்பிட்டார்கள் என்று உங்களுக்குச் சொன்னேன். ஒருவரும் கூப்பிடவில்லை. இன்னொருவனுடைய வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வார்ட்டில் அவள் முனகுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கோபுரத்தின் மேலே ஏறினால் காற்று மட்டும்தான் கேட்கும். போனை வாகனத்தில் வைத்துவிட்டு ஏறினேன். இறங்கிப் பார்த்தபோது நீ பதினொரு தடவை போன் எடுத்திருந்தாய்.

அடக்கத்தில் எனக்கு அழுகை வரவில்லை. நீ பார்த்தாய். அந்த இரண்டு வரிப் பொய்யை எழுதும்போதுதான் முதல்தடவை அழுதேன். பிறகு மற்ற வரிகள் தானாக வந்தன. வேதனைப்பட்டது அவள். பெயர் எனக்கு வந்தது.

கோயிலில் பங்குச் சுவாமி அந்தக் கவிதையை வாசித்தபோது நீ இரண்டு கையையும் முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து நீ என்னை அத்தான் என்று கூப்பிடவில்லை.

தொகுப்புக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்டையையும் நிறுத்தியிருக்கிறேன். மாமிக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உண்மையைச் சொல்வேன். உனக்கு முதலில் சொல்லவேண்டும் என்றிருந்தது.

அவள் கடைசியாக ஏதும் சொன்னாளா? தண்ணீர் கேட்டாளா? என்னைத் தேடினாளா? ஒரு வருடமாக நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்கப் பயம். கவிதையாக வேண்டாம், நடந்ததை நடந்தபடி இரண்டு வரி எழுதி அனுப்பு. என்னைத் திட்டினாள் என்றாலும் அதையே அட்டையில் போடுகிறேன். எழுத மனமில்லை என்றால் அட்டைக்கு அவள் பெயரும் திகதியும் போதும்.

ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும்.

மில்ரன்