எழுபதாம் ஆண்டுப் போத்தல்

1994 மார்ச் 11, வெள்ளி

இன்று எனக்குப் பிறந்தநாள். மத்தியானம் ரெஸ்ரோரன்ட் திறக்கும் முன்பு முதலாளி ஒரு பிரெஞ்சு வைன் போத்தலோடு குசினிக்குள் வந்தார். லேபலில் 1970 என்றிருந்தது. "நீ பிறந்த வருடம். உன் வேலைப் பத்திரத்தில் பார்த்தேன்," என்றார்.

போர்தோவில் முந்நூறு வருடமாக ஒரே குடும்பத்தின் கையிலுள்ள திராட்சைத் தோட்டமாம். முதலாளியின் தகப்பன் அங்கே வேலை செய்தவர். பிள்ளை பிறந்த வருடத்து வைனை எடுத்துவைத்து, வளர்ந்தபின் திறப்பது அவர்கள் வழக்கம். டொரன்டோவில் எனக்கு ஒருவரும் இல்லையென்று அவரே தேடி வாங்கியிருக்கிறார்.

நான் பிறந்தது 68இல். இரண்டு வயதைக் குறைத்து எழுதியது என்னைக் கனடாவுக்கு அனுப்பிய ஏஜென்ட்.

பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சிவா அண்ணைக்கு அது தெரியும். "வாயைத் திறந்திடாதை. அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பேசாமல் குடி," என்று தமிழில் சொன்னார்.

குடித்தேன். நாவற்பழம் தின்றதுபோல் வாய் துவர்த்தது. முதலாளியின் கண் கலங்கியிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. 68ஆம் ஆண்டுப் போத்தல் கிடைக்குமா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

கிடைக்காதாம். அந்த வருடம் மழையில் பழமெல்லாம் கெட்டுப்போனது. தோட்டத்தின் பெயரைப் போட வெட்கப்பட்டு, வைனைப் பெயரில்லாமல் விற்றுவிட்டார்களாம்.

"அப்பா அதில் ஒரு பெரிய கான் நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தார். குளிர்காலம் முழுக்க அதைத்தான் குடித்தோம். நல்ல வைன்தான்," என்றார். சொல்லும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவா அண்ணை தண்ணீர்ப் பைப்பை மூடிவிட்டார்.