உங்கள் அலமாரியிலிருந்து செய்திகள்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

இங்கே மாமாவும் நானும் இருமாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படியே என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், போதும்.

இன்னும் ஆறு மாதம் கப்பலிலேயே இருக்க முடியுமா என்று கம்பெனி கேட்பதாகவும், நான் சொல்வதுதான் முடிவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாரத்தை என் தலையில் கட்டிவிட்டீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இங்கே நடக்கும் கூத்தைக் கேளுங்கள்.

நான் இப்போது வேலை பார்ப்பது உங்கள் துணி அலமாரிக்குள். சிரிக்காதீர்கள். தொற்று வந்ததிலிருந்து தொலைக்காட்சி நிலையத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் விடுவதில்லை. குரல் பதிவு அறையைப் பூட்டிவிட்டார்கள். நிருபர்கள் வீட்டிலேயே செய்தியை வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஒளிப்பதிவாளர் ஒட்டடைக் கம்பில் மைக்கைக் கட்டி நீட்டுகிறார். பேட்டி கொடுப்பவர் அடிக்க வருகிறாரோ என்று ஓரடி பின்வாங்குகிறார்.

கூடத்தில் வாசித்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. குளியலறை அதைவிட மோசம். துணிதான் எதிரொலியைக் குடிக்கும் என்று ஒலிப்பொறியாளர் சொன்னார். எந்தத் துணி எவ்வளவு குடிக்கும் என்று எனக்கு ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்துவிட்டது. என் வழுவழு உடைகள் ஒன்றுக்கும் ஆகாது. உங்கள் கம்பளிக் கோட்டுக்கு முதலிடம். நெருக்கமாகத் தொங்கும் பருத்திச் சட்டைகள் அடுத்தது. கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் சட்டைக் கைகளுக்கு நடுவே நின்று வாசிக்கிறேன். வெளியே மாமா நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். குக்கர் விசில் அடிக்கும் முன்பே ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறார். பக்கத்து வீட்டு நாயைக்கூட, "செய்தி போகுது, சும்மா இரு" என்று அதட்டுகிறார்.

துணியைப் பூச்சி அரிக்கும், வெயிலில் போடுங்கள் என்று மாமாவுக்கு எழுதியிருந்தீர்களே, செவ்வாய்க்கிழமை அத்தனையையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கோ சந்தை நேரம் மாறிய செய்தியை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. வெறும் அலமாரிக்குள் நின்று வாசித்து அனுப்பினேன். உடனே ஒலிப்பொறியாளர் போன் செய்தார். "என்னம்மா, வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா? ஆளே இல்லாத வீட்டுல பேசுற மாதிரி இருக்கே" என்றார்.

மாமாதான் போனை வாங்கி, துணி காய்கிறது என்றார். நான் மாடிக்கு ஓடி, சூடு ஆறாத சட்டைகளை அள்ளிவந்து மாட்டிவிட்டு, உள்ளேயே நின்று அழுதேன். நீங்கள் இல்லாத வீடு இப்படித்தான் ஒலிக்குமோ என்று அவ்வளவு பயமாக இருந்தது.

மாற்று ஆள் கிடைக்காமல் கப்பல் தவிப்பது தெரிகிறது. போன வாரம்வரை, உங்கள் இஷ்டம் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், கையெழுத்துப் போடாதீர்கள். வந்து இந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அலமாரி காலியானால் ஆகட்டும். செய்தியை நான் போர்வைக்குள் புகுந்து வாசித்துக்கொள்கிறேன்.

நல்லபடியாகக் கரை சேருங்கள்.

உங்கள்
அலமாரிக்காரி