ஒரு அக்காவுக்கு இரண்டு திவசம்

என் உயிர் அக்கா,

நீ போய் ஒரு வருடமாகிவிட்டது. ஒக்லாந்தில் மழை விட்டபாடில்லை. உனக்குச் சொல்ல நல்ல செய்தி ஒன்றும் என்னிடம் இல்லை.

பாலஸ்தீனப் பிள்ளைகள் இன்னும் கல்லெறிகிறார்கள், இஸ்ரேல் படையினர் இன்னும் சுடுகிறார்கள். மாலையில் டிவியைப் போட்டால் அதுதான். இவர்களோடு பேசவே மாட்டோம் என்கிறது ஒரு பக்கம். இஸ்ரேலை ஒரு நாடென்றே ஒப்புக்கொள்ள மாட்டோம் என்கிறது மறுபக்கம். சண்டை பிடித்தவனோடு பேசாமல் பக்கத்து வீட்டுக்காரனோடா சமாதானம் பேசுவது? பேசித் தீர்க்கவேண்டிய நிலத்திலேயே இஸ்ரேலின் குடியேற்ற வீடுகள் எழும்புகின்றன. பஸ்ஸில் போகிற சனத்தை மறுபக்கத்தார் குண்டுவைத்துக் கொல்கிறார்கள். பேசிப் பார்ப்போம் என்று வாய் திறந்தவனை அவனுடைய ஆட்களே சுட்டுவிடுகிறார்கள். சீ என்றிருக்கிறது அக்கா.

அந்தச் சண்டை நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. போன மாதம் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது உன் கணவரும் உன் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். நாடில்லாமல் அலைந்த சனம் ஒரு நாட்டை உண்டாக்கிக் காட்டியது, தமிழர் அவர்களிடம் படிக்கவேண்டும் என்றார் அத்தான். நாமே வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள், வீடு பறிகொடுத்தவன் பக்கம் நிற்கவேண்டாமா என்றார் அண்ணா. பிறகு அண்ணா அத்தானைத் துரோகி என்றார், அத்தான் அண்ணாவைப் பயங்கரவாதி என்றார்.

உன் திவசத்துக்கு இருவரையும் சேர்க்க நான் போனும் கையுமாக நின்றேன்.

"துரோகி எண்டது பிழை எண்டு அவன் முதல்ல சொல்லட்டும், பிறகு வாறன்," என்றார் அத்தான்.

"அவர் முதல்ல மன்னிப்புக் கேக்கட்டும் பிள்ளை. அதுக்குப் பிறகுதான் கதை," என்றார் அண்ணா.

பேசி முடித்தபின் கிடைக்கவேண்டியதைப் பேசத் தொடங்கும் முன்பே கேட்டால் யார் பேசுவது? அந்த மண்ணை மிதித்தே அறியாத இரண்டு ஆம்பிளைகள்!

கடைசியில் அண்ணா பிளாக்ஹவுஸ் பே பக்கம் தன் வீட்டில் ஒரு திவசம் செய்தார், அத்தான் ரானுயியில் தன் வீட்டில் இன்னொன்று. ஒரே நாளில். இரண்டு வீட்டிலும் உன் படம், மாலை, உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு. முதலில் அண்ணா வீட்டுக்குப் போனேன். "அங்க எத்தினை பேர் போகினம்?" என்று கேட்டார். ரானுயிக்குப் போனால் அத்தான் வாசலிலேயே கேட்டார், "அங்க எத்தினை பேர் வந்தவை?" உன்னைப் பற்றி இருவரும் ஒரு சொல் பேசவில்லை. இரண்டு வீட்டிலும் கை நனைக்காமல் வந்துவிட்டேன்.

நீ இருந்திருந்தால் இருவர் காதையும் திருகியிருப்பாய். இல்லை, நீயும் ஒரு பக்கம் சேர்ந்திருப்பாயோ?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த வருடம் உனக்கு ஒரே திவசம்தான், என் வீட்டில், என் கையால். மற்றவன் முதலில் உள்ளே போகட்டும் என்று இருவரும் என் வாசலில் ஆளுக்கொரு காருக்குள் இருந்தாலும் சரி, அவர்களுக்காக உன் சோற்றை நான் ஆறவிடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த, கோபம் தீராத,
தங்கச்சி