கார்டின் பின்பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹனோவரில் நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

கண்காட்சிக்கு வருபவரின் விசிட்டிங் கார்டை வாங்கியதும், எதற்கு வந்தார் என்று அதன் பின்பக்கம் குறித்துவிடுவோம். இல்லாவிட்டால் சாயங்காலம் ஒரு முகமும் நினைவிருக்காது. நேற்று எதிர் அரங்கில், போட்டிக் கம்பெனி யூர்கனின் மேசையில் எங்கள் முதலாளியின் கார்டு கிடந்தது. பின்னால், ‘ஆலையை விற்கிறார். இயந்திரங்கள் போதும், ஆட்கள் வேண்டாம்’ என்று இருந்தது.

“உங்க ஆளு உங்கிட்ட சொல்லவே இல்லையா, வீப்கெ?” என்றான் யூர்கன்.

“சொன்னாரே” என்று சிரித்துவைத்தேன்.

இன்றும் எங்கள் ஆலையின் அதே பம்புகளைப் புகழ்ந்துகொண்டு நிற்க வேண்டும். கால் கொப்பளித்துவிட்டது, கம்பளிக் காலுறை அனுப்பு. கதவைத் திறந்துவிட்டார்கள், போகிறேன்.

அப்பாவிடம் நானே வந்து சொல்கிறேன். அதுவரை, அவர் ஆலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல ரொட்டி கட்டிக் கொடு.

வீப்கெ